சுவரில் ஒரு சின்னஞ்சிறு சிலந்தி: பெயர் சொல்லப் படம் மட்டும் போதுமா?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் மாத்தூர், மணலி, மாதவரம் பகுதிகளின் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். குளியலறைச் சுவரிலோ தலையணை ஓரத்திலோ எடுத்த, அரிசி மணி அளவேயுள்ள ஓர் எட்டுக்கால் பூச்சியின் மங்கலான படம். கூடவே ஒரு கேள்வி: "இது விஷமா?"

ஐந்து நிமிடத்திற்குள் பத்துப் பதில்கள் வந்துவிடும். ஒருவர் கொடிய விஷம் என்பார். இன்னொருவர் இணையத்தில் தேடி வெளிநாட்டுச் சிலந்தி ஒன்றின் பெயரை எடுத்துப் போடுவார். மூன்றாமவர் மருந்து அடிக்கச் சொல்வார். ஆனால் படம் அனுப்பியவரிடம் "இதை எங்கே பார்த்தீர்கள்? எதன்மேல் இருந்தது? எவ்வளவு பெரியது? வலை இருந்ததா?" என்று கேட்பவர் அரிது. உண்மையில் ஒரு சின்னஞ்சிறு சிலந்தியை அடையாளம் காண, படத்திற்கு நிகராக இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் தேவைப்படுகின்றன. அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அவசரப் பெயர் என்ன செய்யும்?

ஒரு சிறு பூச்சிக்குப் பெயர் தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். பெயர் தெரியாதிருப்பதில் பெரிய ஆபத்து இல்லை. தெரியாமலே பெயர் சொல்வதில்தான் ஆபத்து.

2012ஆம் ஆண்டு அஸ்ஸாம் மாநிலம் தின்சுகியா மாவட்டத்தின் சதியா பகுதியில், சிலந்திகள் கூட்டமாக வந்து மக்களைக் கடிக்கின்றன என்ற பீதி பரவியது. இருவர் இறந்ததாகச் செய்திகள் வெளியாயின. பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கடிபட்டவர்களை முதலில் மந்திரிப்பவர்களிடம் கொண்டுபோனதும், கடிவாயைப் பிளேடால் கீறி இரத்தத்தை வடியவிட்டதும் அப்போது செய்திகளில் வந்தன. ஆய்வாளர்கள் நேரில் சென்று பார்த்தார்கள். இறப்புக்குக் காரணம் சிலந்தியின் நஞ்சா, கீறிய காயத்தில் ஏற்பட்ட தொற்றா என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை. சிலந்தியைவிடப் பிளேடு ஆபத்தானதாக இருந்திருக்கலாம் என்பதே இதில் நமக்குரிய பாடம்.

இன்னொரு நிகழ்வு. 1999இல் மின்னஞ்சல் வழியாக ஒரு செய்தி உலகைச் சுற்றி வந்தது. கழிப்பறை இருக்கையின் அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சிலந்தி கடித்துப் பெண்கள் இறந்தார்கள் என்பது அதன் சாரம். அதில் கூறப்பட்ட மருத்துவ இதழ், விமான நிலையம், சிலந்தியின் லத்தீன் பெயர் எல்லாமே கட்டுக்கதை. 2002இல் அதே கதை மறுபடியும் உலா வந்தது. இம்முறை டெலமோனியா டிமிடியாட்டா என்ற உண்மையான சிலந்தியின் பெயரை ஒட்டி அனுப்பினார்கள். அந்தச் சிலந்தி இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளின் காடுகளில் வாழும் ஒரு சிறிய குதிக்கும் சிலந்தி. மனிதர்களுக்கு ஆபத்து விளைவிப்பதல்ல. பொய்க் கதை ஒன்றுக்கு உண்மைப் பெயர் கிடைத்ததும், கதைக்கும் நம்பகத்தன்மை வந்துவிட்டது.

நம் தமிழ்ச் சூழலில் மூன்றாவதாக ஒரு சிக்கலும் இருக்கிறது. தமிழில் 'சிலந்தி' என்ற சொல்லுக்கே கட்டி, புண் என்ற பொருளும் உண்டு. குடிநீர் வழியாகப் பரவிய கினிப்புழு நோயை நம் முன்னோர் 'நரம்புச் சிலந்தி' என்றே அழைத்தார்கள். அந்நோய் இந்தியாவிலிருந்து ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டு சான்றளித்தது. நோய் போய்விட்டாலும், உடலில் கொப்புளம் கண்டால் சிலந்தியைக் குற்றம் சொல்லும் வழக்கம் போகவில்லை.

அக்கி அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சின்னம்மை போட்டவர்களின் நரம்பில் ஒடுங்கியிருக்கும் அதே வைரஸ் பல ஆண்டுகள் கழித்துத் தலைதூக்குவதால் வருவது அக்கி. அதற்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் தொடர்பே இல்லை. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். "பூச்சி கடித்திருக்கும், காவி பூசினால் போய்விடும்" என்று காத்திருந்தால் அந்த மூன்று நாட்களும் வீணாகின்றன. முதியவர்கள் இருக்கும் வீடுகளில் இது விளையாட்டல்ல.

மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்தைத் தேடி வரும் ஒரு சிறு வண்டும் உண்டு. கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி, எறும்பைப் போல நீண்டிருக்கும். அது கடிக்காது. ஆனால் கழுத்திலோ கையிலோ ஊரும்போது நாம் நசுக்கித் தேய்த்துவிட்டால், அதன் உடற்சாறு பட்ட இடம் ஓரிரு நாளில் தீக்காயம் போல எரிந்து, கோடாகக் கொப்பளிக்கும். இரவில் வண்டை நசுக்கியது நினைவிருக்காது. அடுத்த நாள் சுவரில் தெரியும் சிலந்திதான் குற்றவாளியாகிறது.

எல்லாச் சிலந்திகளும் தீங்கற்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. 'கருப்பு விதவை' என்று செய்தித்தாள்கள் எழுதும் சிலந்தியின் உறவினங்கள் சில இந்தியாவிலும் பதிவாகியுள்ளன. மரப்பொந்துகளில் வாழும் பெருஞ்சிலந்திகள் சிலவற்றின் கடியால் கடுமையான தசைப்பிடிப்பு வரும். எது அத்தகையது, எது அல்ல என்று பிரித்தறிவதற்காகத்தான் அடையாளம் காணும் முறையைக் கற்க வேண்டியிருக்கிறது.

படம் எங்கே ஏமாற்றும்?

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000க்கும் மேல். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் உலகச் சிலந்திப் பட்டியல் 2022 ஏப்ரலில்தான் அந்த எண்ணைத் தொட்டது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறியவை. கொலம்பியாவில் வாழும் ஒரு சிலந்தியின் ஆண் 0.37 மில்லிமீட்டர்தான். ஊசி முனையில் வைக்கக்கூடிய அளவு.

இவ்வளவு சிறிய உயிர்களைப் படத்தில் பார்க்கும்போது நாம் நான்கு விதமாக ஏமாறுகிறோம்.

முதலாவது, அளவு. திரையில் விரித்துப் பார்த்தால் கடுகளவு சிலந்தியும் நண்டளவு தெரியும். பக்கத்தில் அளவுகோலோ நாணயமோ இல்லாத படம் பார்ப்பவரைப் பயமுறுத்தும்.

இரண்டாவது, ஆண், பெண் வேறுபாடு. நம் வீட்டுச் சுவர்களில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு குதிக்கும் சிலந்தியின் பெயர் ஹசாரியஸ் அடான்சோனி. ஆண் கறுப்பாக, உடலில் வெள்ளைப் பிறைக் கோடுகளுடன், முகத்தின் முன்னே வெள்ளை நிற உணர்கால்களை ஆட்டிக்கொண்டு திரியும். பெண்ணோ மங்கிய பழுப்பு. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது, வயது. சிலந்தி தன் தோலைப் பலமுறை உரித்து வளர்கிறது. குஞ்சின் நிறமும் கோலமும் தாயிடம் இருப்பது போல இருக்க வேண்டியதில்லை.

நான்காவதுதான் மிக முக்கியமானது. ஒரே பேரினத்தைச் சேர்ந்த பல இனங்கள் வெளித்தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். வளர்ந்த ஆணின் உணர்கால் நுனியில் உள்ள அமைப்பையும், பெண்ணின் வயிற்றடியில் உள்ள இனப்பெருக்க உறுப்பின் அமைப்பையும் நுண்ணோக்கியில் பார்த்தே வல்லுநர்கள் இனத்தை உறுதி செய்கிறார்கள். கைப்பேசிப் படத்தில் அது தெரியாது. ஆகவே பல சிலந்திகளுக்குப் படத்தைக் கொண்டு குடும்பம் சொல்லலாம், பேரினம் சொல்லலாம். இனத்தின் பெயரைச் சொல்ல முடியாது.

குறிப்பு எங்கே கைகொடுக்கும்?

படம் கைவிடும் இடத்தில் வாழிடக் குறிப்பு வந்து தாங்குகிறது. சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

வீட்டின் வெளிச்சுவரில், சுண்ணாம்புப் பூச்சின் சிறு பள்ளத்தில், நட்சத்திரம் போன்ற தட்டையான வெள்ளைப் பட்டுக்கூடு ஒன்று ஒட்டியிருக்கும். அதனடியில் 2, 3 மில்லிமீட்டரில் ஒரு சிலந்தி. எறும்பு ஒன்று அருகே வந்தால் வெளியே ஓடிவந்து, எறும்பைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்து நூலால் கட்டிவிடும். படத்தில் அது ஒரு பழுப்புப் புள்ளி மட்டுமே. "சுவர், தட்டைக்கூடு, எறும்பைச் சுற்றி ஓடியது" என்ற மூன்று சொற்கள் சேர்ந்தால் அது ஈக்கோபியஸ் வகை என்று வல்லுநர் உடனே சொல்லிவிடுவார்.

தோட்டத்தில் ஒரு பெரிய சிலந்தியின் வலையில் வெள்ளித்துளி போல மினுங்கும் குட்டிச் சிலந்திகளைக் காணலாம். பார்ப்பவர் பெரியதன் குஞ்சுகள் என்று நினைப்பார். உண்மையில் அவை ஆர்கிரோடஸ் என்ற வேறு வகை. பிறர் வலையில் குடியேறி, அதில் சிக்கும் சிறு இரைகளைத் திருடித் தின்பவை. "வேறொரு சிலந்தியின் வலையில் இருந்தது" என்ற குறிப்பு இல்லாவிட்டால் பாதி அடையாளம் போய்விடும்.

மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்புகளை, அதாவது முசுறுகளை, நாம் எல்லோரும் அறிவோம். அவற்றின் நடுவே எறும்பின் நிறத்தில், எறும்பின் இடையோடு, எறும்பைப் போலவே நடக்கும் ஒரு குதிக்கும் சிலந்தியும் உண்டு. எறும்புக்கு ஆறு கால், இரண்டு உணர்கொம்பு. சிலந்திக்கு எட்டுக் கால், உணர்கொம்பு கிடையாது. ஆகவே அது முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக் காட்டும். எந்த மரம், எந்த எறும்பு என்று எழுதி வைத்தால் எந்தப் போலி எறும்பு என்பதும் தெளிவாகும்.

இன்னும் இரண்டு. ஏரிக்கரைக் கோரைப்புல்லில் கால்களை முன்னும் பின்னும் நீட்டிக் குச்சியோடு குச்சியாக ஒட்டிக் கிடந்தால் அது நீள்தாடைச் சிலந்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். மரப்பட்டையின் நிறத்திலேயே பட்டையோடு பதிந்து, பின்புறம் வால் போன்ற இரண்டு நீட்சிகளுடன் இருந்தால் அது ஹெர்சிலியா. ஏரி என்றும் மரப்பட்டை என்றும் எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

இடக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்வதிலும் கவனம் தேவை. 1899இல் போகாக் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் நீல நிறத்தில் ஒளிரும் ஒரு பெருஞ்சிலந்திக்குப் பெயரிட்டார். அது கிடைத்த இடம் ஆந்திரத்தின் குத்தி நகரில் இருந்த ரயில்வே மரக்கிடங்கு. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் அச்சிலந்தி யார் கண்ணிலும் படவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில், குத்தியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், அது மீண்டும் கண்டறியப்பட்டது. முதலில் கிடைத்த சிலந்தி மரக்கட்டைகளோடு ரயிலில் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. மரக்கிடங்கு அதன் ஊர் அல்ல, அது வந்திறங்கிய நிலையம்தான். ஆனாலும் "மரக்கிடங்கு" என்று அன்று எழுதி வைத்ததால்தான் இந்த முடிச்சை அவிழ்க்க முடிந்தது. இன்று அது அழியும் விளிம்பில் உள்ள உயிரினமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு இந்தச் செய்தி மிகவும் நெருக்கமானது. நம் சாலைகளில் இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. மரமும் காகிதமும் பழமும் எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்குகின்றன. சிலந்திகளும் அப்படித்தான் உலகம் சுற்றின. மேலே சொன்ன ஹசாரியஸ் அடான்சோனி 1826இல் எகிப்து பற்றிய பிரெஞ்சு நூல் ஒன்றில்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்று வெப்ப நாடுகள் அனைத்திலும் வீட்டுச் சுவர்களில் அது இருக்கிறது. ஆகவே நம் பகுதியில் படம் எடுப்பவர் "வீட்டுச் சுவர்" என்பதோடு, "நேற்று இறக்கிய மரப்பெட்டியின் அருகே" என்பது போன்ற விவரத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

மத்னும் ஸனதும்

ஹதீஸ் கலையை ஓதியவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. ஒரு செய்தி வந்தால் அதன் வாசகம் (மத்ன்) அழகாக இருக்கிறதா என்பதோடு நம் இமாம்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்தார்களா என்று அறிவிப்பாளர் தொடரை (ஸனது) அலசினார்கள். சிலந்தி என்றதும் நம் மக்களின் நினைவுக்கு வரும் ஸவ்ர் குகை வலை பற்றிய செய்தியின் அறிவிப்பாளர் தொடரைக் குறித்துக்கூட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. எல்லோரும் விரும்பிச் சொல்லும் செய்தியாக இருந்தாலும், எந்த வழியாக வந்தது என்ற கேள்வியிலிருந்து அதற்கு விலக்கு கிடையாது.

சிலந்தியின் படத்தை மத்ன் என்று வைத்துக்கொண்டால், வாழிடக் குறிப்பு அதன் ஸனது. யார் எடுத்தார், எங்கே, எப்போது, எதன்மேல் என்பது தெரியாமல் பலர் கை மாறி வந்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அது நம் ஊர்ச் சிலந்திதானா என்பதற்கே உத்தரவாதம் இல்லை.

அரபு நூலாசிரியர்கள் சிலந்திகளை எவ்வளவு கூர்ந்து பார்த்தார்கள் என்பதற்கும் சான்று உண்டு. பஸ்ராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்ஜாஹிழ், விலங்குகளைப் பற்றிய தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில், வலை பின்னாமல் ஈயைப் பாய்ந்து பிடிக்கும் 'லைஸ்' என்ற சிலந்தியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஈயைக் கண்டதும் தரையோடு பதுங்கி, அசைவற்று இருந்து, குறி தவறாமல் பாய்வதை அவர் விவரிக்கிறார். இன்று நாம் குதிக்கும் சிலந்தி என்று சொல்லும் வகை அதுதான் என்பதைப் படித்தவுடன் புரிந்துகொள்ளலாம். பின்னர் வந்த தமீரி தம் 'ஹயாதுல் ஹயவான்' நூலிலும் இச்செய்தியைச் சேர்த்திருக்கிறார்.

அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அச்சிலந்திக்கு ஆறு கண்கள் என்று ஜாஹிழ் எழுதுகிறார். இன்று உருப்பெருக்கியில் பார்த்தால் எட்டுக் கண்கள் தெரிகின்றன. பெரும்பாலான குதிக்கும் சிலந்திகளில் நடுவேயுள்ள இரண்டு கண்கள் மிகச் சிறியவை. வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிந்தது வியப்பல்ல. ஆனால் அவர் எழுதி வைத்த நடத்தை, பதுங்குவதும் பாய்வதும், 1,100 ஆண்டுகளுக்குப் பிறகும் அச்சிலந்தியை நமக்கு அடையாளம் காட்டுகிறது. எண்ணிக்கையில் கண் தவறினாலும் குறிப்பு காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

இதற்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. கைப்பேசியும், அதில் மாட்டும் சிறிய மேக்ரோ லென்ஸும் போதும். பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடித்தால் நலம்.

1. முதலில் தொடாமல், இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். வலை இருந்தால் வலையோடு சேர்த்து ஒரு படம். வலையின் வடிவமே ஒரு சான்று.

2. பிறகு மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேராக என மூன்று கோணங்களில் எடுங்கள். கண்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதை வைத்துத்தான் குடும்பத்தைப் பிரிக்கிறார்கள். முன்னே இரண்டு பெரிய கண்கள் விளக்கு போல இருந்தால் அது குதிக்கும் சிலந்தி.

3. அடிப்பக்கம் தெரிய வேண்டுமானால் கண்ணாடி டம்ளரை மெல்லக் கவிழ்த்து, அடியில் ஒரு தாளைச் செருகி மூடுங்கள். சிலந்தி கண்ணாடியின் உட்பக்கம் ஏறும்போது வெளியிலிருந்து அதன் வயிற்றுப்பக்கத்தைப் படமெடுக்கலாம். வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

4. பக்கத்தில் அளவுகோல் அல்லது ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒரு படம். கால்களை விட்டுவிட்டு உடலின் நீளத்தை மட்டும் மில்லிமீட்டரில் எழுதுங்கள்.

5. அன்றே குறிப்பு எழுதுங்கள். தேதி, நேரம், தெரு, வீட்டுக்குள்ளா வெளியிலா, சுவரா இலையா மரப்பட்டையா, என்ன செடி, தரையிலிருந்து எத்தனை அடி, வெயிலா நிழலா, மழை பெய்ததா, என்ன செய்துகொண்டிருந்தது, எதைத் தின்றது, தனியாகவா கூட்டமாகவா. ஐந்தாறு வரிகள் போதும்.

6. மூலப் படத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தெளிவு குறைந்துவிடும், எடுத்த நேரமும் இடமும் பற்றிய தகவலும் நீங்கிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அவை நிலைக்கும்.

படத்தைப் பார்த்து உடனே பெயர் சொல்லும் செயலிகள் இன்று நிறைய உள்ளன. அவை தொடக்கத்திற்கு உதவும், தீர்ப்புக்கு உதவாது. அவை முதலில் பார்ப்பது உருவ ஒற்றுமையை. நம் நாட்டில் இல்லாத சிலந்தியின் பெயரையும் அவை சொல்லிவிடக்கூடும். அப்பெயரை வைத்துக்கொண்டு, அச்சிலந்தி இந்தியாவில் உண்டா, நாம் பார்த்த இடத்தில் வாழுமா, அளவு பொருந்துகிறதா என்று குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

2008இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் எவரும் பதிவிடலாம். உலகெங்கும் உள்ள ஆர்வலர்களும் வல்லுநர்களும் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். தேதியும் இடமும் இல்லாத பதிவை அத்தளம் ஆய்வுத்தரத்திற்கு உயர்த்துவதில்லை என்பதைக் கவனியுங்கள். படத்தோடு குறிப்பும் வேண்டும் என்பதைத்தான் அதுவும் சொல்கிறது. வீட்டில் எடுத்த படமானால் துல்லியமான முகவரி வெளியே தெரியாதபடி இடத்தை மறைத்து வைக்கும் வசதியும் அதில் இருக்கிறது. பெண்களும் மாணவிகளும் பதிவிடும்போது இதைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

எங்கே நிறுத்துவது?

அடையாளம் காண்பதில் மிகக் கடினமான பாடம், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது. "இது குதிக்கும் சிலந்திக் குடும்பம், அதற்கு மேல் இந்தப் படத்தில் சொல்ல முடியாது" என்பது அரைகுறைப் பதில் அல்ல. அதுவே முழுமையான, நேர்மையான பதில். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32க்குத் தெரியாது என்றே பதிலளித்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. அதனால் அவர்களின் மதிப்பு குறையவில்லை. மீதமுள்ள 16 பதில்களின் மதிப்பு கூடியது.

வாட்ஸ்அப் குழுவில் இருப்பவருக்கும் இதே விதிதான். "தெரியவில்லை, எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்பது ஒரு உதவி. தெரியாமல் "கொடிய விஷம்" என்று எழுதுவது ஒரு வீட்டின் தூக்கத்தைக் கெடுப்பது. குழந்தைகள் படுக்கும் அறையில் அளவுக்கு மீறிப் பூச்சிமருந்து அடிக்கத் தூண்டுவது. அந்த மருந்து சிலந்தியைவிடக் குழந்தைக்குக் கெடுதல்.

உண்மையிலேயே கடிபட்டிருந்தால் செய்ய வேண்டியது எளிது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். வலி பரவினாலும், தசைப்பிடிப்பு, காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தாலும், புண் பெரிதானாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வடசென்னையில் நமக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. சிலந்தியின் படம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் படம் எடுப்பதற்காகவோ பெயர் தெரிவதற்காகவோ சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம் பகுதிக்கு இதில் என்ன பயன்?

சென்னையின் தென்கோடியில், தாம்பரத்தில் உள்ள சென்னை கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காட்டில் வாழும் சிலந்திகளை ஜான் காலெப் என்ற ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் தேடிப் பதிவுசெய்து, 2020இல் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களின் பட்டியலை வெளியிட்டார். அடர்காடு அல்ல, நகருக்குள் இருக்கும் ஒரு கல்லூரி வளாகம்தான். தேடினால் அவ்வளவு கிடைக்கிறது. வடசென்னையிலும் ஏரிக்கரை இருக்கிறது, காலிமனைப் புதர் இருக்கிறது, எண்ணூர்ப் பக்கம் அலையாத்திச் செடிகள் இருக்கின்றன. வீடுதோறும் சுவர் இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியதை நாம் மறந்திருக்க மாட்டோம். படகும் வலையும் கறுத்துப்போனதை எல்லோரும் பார்த்தார்கள். கரையோரப் புல்லில் வாழ்ந்த சிற்றுயிர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், முன்பு அங்கே என்ன இருந்தது என்று எழுதி வைத்தவர்தான் பதில் சொல்ல முடியும். சிலந்தி பூச்சிகளைத் தின்று வாழ்கிறது. பூச்சி குறைந்தால் சிலந்தியும் குறையும். ஒரு பகுதியின் நலத்தை அறிய இதைவிடச் சிறிய, செலவில்லாத அளவுகோல் கிடைப்பது கடினம். தேதியும் இடமும் எழுதப்பட்ட ஒரு மாணவனின் நோட்டுப் புத்தகம் பத்து ஆண்டுகள் கழித்துச் சான்றாக நிற்கும். தேதியில்லாத ஆயிரம் படங்கள் நிற்காது.

நம் மக்தப்களிலும் பள்ளிகளிலும் இதை ஒரு சிறு விடுமுறைப் பயிற்சியாகச் செய்யலாம். திருக்குர்ஆனின் 29ஆவது அத்தியாயத்தின் பெயரே அல்அன்கபூத், சிலந்தி. அப்பெயரை ஓதும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது எது என்று ஒரு முறையாவது நிதானமாகப் பார்க்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு சிலந்தி, மூன்று படம், ஆறு வரிக் குறிப்பு. பெயர் தெரியாவிட்டால் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விடச் சொல்லிக் கொடுங்கள். அந்த வெற்றிடத்தை நாளை ஒரு வல்லுநர் நிரப்புவார். இடத்தையும் தேதியையும் எழுதாமல் விட்டால், அதை யாராலும் நிரப்ப முடியாது.